இறுதியாட்டத்து முட்டைக் கோப்பி

குடியை எங்கள் ஆட்கள் தங்கள் வசதிக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருக்கிறார்கள். சாராயம் என்றால் குடி. பியர் வெக்கைக்கு. வைன் நத்தார் கேக்கோடு. விஸ்கி, கனடாவிலிருந்து வந்தவரின் மனம் நோகாமல் இருப்பதற்கு. பிராந்தி மருந்து. வெள்ளவத்தையில் நான் இருக்கும் மாடிக் கட்டடத்தில் குடி என்ற பேச்சையே வாசற்படி தாண்ட விடாத குடும்பங்கள் பல உண்டு. அவர்களின் அலுமாரிகளிலும் சேலைகளுக்குப் பின்னால் ஒரு பிராந்திப் போத்தல் நிற்கும். பிள்ளை பெற்றவளுக்கு, சளி பிடித்தவனுக்கு, பெரியபிள்ளையானவளுக்கு என்று முட்டைக் கோப்பி அடிக்கும்போது அது வெளியே வரும். முட்டையைச் சீனியோடு நுரைக்க நுரைக்க அடித்து, கொதிக்கிற கோப்பியை விட்டு, கடைசியில் ஒரு மூடி பிராந்தி. அதையும் குடி என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை உங்களுக்குக் கதவு திறக்காது.

அப்படி ஒரு முட்டைக் கோப்பி ஓர் உதைபந்தாட்டக்காரனின் வேலையைத் தின்றதை நான் கிட்ட நின்று பார்த்தேன்.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அரசாங்கக் கந்தோர்களில் நிர்வாகப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று விசாரணை, ஓய்வூதியம் எதுவானாலும் அதற்குரிய சுற்றறிக்கை என் தலைக்குள் இருக்கும். ஓய்வு பெற்றவனுக்கு இந்த அறிவால் என்ன பிரயோசனம் என்று மனைவி கேட்டாள். கொட்டாஞ்சேனையில் நான் இளவயதில் ஆடிய உதைபந்தாட்டக் கழகம் அதற்குப் பதில் சொன்னது. என்னைச் செயலாளராக்கினார்கள். சம்பளமில்லாத பதவி என்பதால் எதிர்த்துப் போட்டியிட யாரும் இருக்கவில்லை.

எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் துறைமுகத்தில் வேலை செய்பவர்கள். மற்றவர்கள் புறக்கோட்டைக் கடைகளிலும் பேலியகொடை மீன் சந்தையிலும். வென்றால் சந்தோசத்தில் குடிப்பார்கள், தோற்றால் கவலையில் குடிப்பார்கள், சமநிலையில் முடிந்தால் எதற்கென்று தெரியாமல் குடிப்பார்கள். போட்டிக்கு முதல்நாள் குடிப்பதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எங்கள் கோல்காப்பாளர், மீன் சந்தையில் பெட்டி இறக்குபவர், அதை எனக்கு விளக்கினார்.

"சேர், ஒரு பியர் போட்டாத்தான் நித்திர வரும். நித்திர கொண்டாத்தானே மறுநாள் பாய ஏலும்?"

"நித்திரை வரும். நிற்காது. விடியப்புறம் முழிச்சுக்கொண்டு கிடப்பாய். பியர் உன்ர உடம்புத் தண்ணியையும் கொண்டு வெளியே போயிடும்."

"அதுக்குத்தான் சேர் ரெண்டாவது பியர்."

அவர் பகிடிக்குச் சொன்னார். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் விட்ட கோல்களில் பல, பந்து கடந்து போன பிறகு அவர் பாய்ந்ததால் விழுந்தவை. குடித்தவனின் உடம்பில் பெரிதாக ஒன்றும் உடைவதில்லை. கண் பார்த்ததை மூளை காலுக்கு அறிவிப்பது பிந்தும், அவ்வளவுதான். கந்தோர் மொழியில் சொன்னால், கட்டளை கையெழுத்தாகிவிட்டது, கோப்பு மட்டும் இன்னும் மேசையில் கிடக்கிறது. மைதானத்தில் அந்தச் சின்னத் தாமதம் போதும். அதோடு கொழும்பு வெயிலில் உடம்பு தன் சூட்டை இறக்க வியர்வையைத்தான் நம்பியிருக்கிறது. தண்ணீர் வற்றிய உடம்பு எதைக்கொண்டு வியர்க்கும்? காலில் சதை பிடிக்கும், தலை சுற்றும், எட்டும் என்று நினைத்த பந்து எட்டாது. குடித்தவனுக்கு மட்டும் தான் பிரமாதமாக ஆடுவதாகத் தோன்றும்.

என்னை இதை எழுதத் தூண்டியவன் குடிக்காதவன். எங்கள் இடது முனை ஆட்டக்காரன். ஜிந்துப்பிட்டியில் ஓர் ஒடுங்கிய சந்தில் தாயோடு இருந்தான். புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்த வியாபாரியிடம் நாட்கூலிக்கு நின்றான். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். மகன் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. மற்றவர்கள் போத்தலைத் திறக்கும்போது இவன் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவான். "அம்மாவிட பிள்ள போகுது" என்று பின்னால் கத்துவார்கள். திரும்பாமலே கையைக் காட்டிவிட்டுப் போவான்.

அவனைப் போல ஓடுபவனை நான் அந்த மைதானத்தில் கண்டதில்லை. எல்லைக் கோட்டுக்கும் எதிராளிக்கும் இடையில் ஒரு செருப்பகலம் இருந்தால் போதும், அதற்குள்ளால் போய்விடுவான். அவனைப் பற்றி ஒரு பெரிய நிறுவனத்தின் காதில் விழுந்தது. அவர்களின் அணிக்கு இடது முனையில் ஆள் தேவைப்பட்டது. எடுத்தால் நிரந்தர நியமனம். சேமலாப நிதி, மருத்துவ வசதி, மாதச் சம்பளம், மழையானாலும் வெயிலானாலும். ஆனால் விளையாட்டு வழியாக எடுப்பதற்கு வயதெல்லை உண்டு. அவனுக்கு அது கடைசி வருடம். நிறுவனத்தின் விளையாட்டு அதிகாரி எங்கள் இறுதியாட்டத்தைப் பார்க்க வருவார், பார்த்ததை வைத்து முடிவெடுப்பார் என்று செய்தி வந்தது. தேவையான சான்றிதழ்களை நானே அவனோடு அலைந்து எடுத்துக்கொடுத்தேன். எந்தக் கந்தோரில் யாரிடம் முதலில் போகக்கூடாது என்று தெரிந்தவன் நான். காகிதத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

குறை வரக்கூடிய இடம் ஒன்றுதான் என்று நினைத்தேன். அரையிறுதியில் வென்ற அன்று ஒரு கடையின் பின்பக்கம் அணியே விழுந்து கிடந்ததைக் கண்டிருந்தேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், போட்டிக்கு முன்னான இரண்டு நாட்களும் போட்டி முடியும் வரையும் எந்த ஆட்டக்காரனும் குடிக்கக்கூடாது, மீறினால் அணியில் இடமில்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பொருளாளர் இரும்புக் கடைக்காரர். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"பெடியன்கள் கூலிக்கா ஆடுறாங்க சேர்? ஒரு போத்தலும் இல்லையெண்டா ஆர் வருவான்? பிறகு நீங்களும் நானும்தான் இறங்கி ஓட வேணும்."

"இறுதியாட்டம் முடிஞ்ச பிறகு குளிக்கட்டும் அதில. முதல்ல வேண்டாம்."

கழகத் தலைவர் மேசையில் தட்டினார். யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் உத்தியோகம் பார்த்து, ஒரு காலத்தில் நல்ல பந்தாட்டக்காரராக இருந்தவர். குடியாதவர். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாருக்காவது சொல்லுவார்.

"செயலாளர் சொல்லுறது முழுக்கச் சரி. நான் வழிமொழியிறன். நாங்கள் விளையாடின காலத்தில இந்தச் சனியனைத் தொட்டதே இல்லை. கழகத்தின்ர மானம் கிடக்குது."

தீர்மானம் நிறைவேறியது. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தாலும் அடங்கினார்கள். கோல்காப்பாளர்கூட இரண்டு நாளும் பச்சைத் தண்ணீரில் இருந்தார். "சேர், நித்திர வரல்ல. ஆனா பந்து தெரியுது" என்றார். ஒரு விதி எழுதப்பட்டு, அது கடைப்பிடிக்கப்படுவதையும் பார்ப்பது என் உத்தியோக வாழ்க்கையில் அடிக்கடி கிடைத்த பாக்கியம் அல்ல. நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இறுதியாட்டத்தன்று பின்னேர வெயில் தகரக் கூரையை உரித்துக்கொண்டிருந்தது. விளையாட்டு அதிகாரி வந்துவிட்டார். அமைதியான சிங்கள மனிதர். பந்தலின் ஓரத்தில், யாரோடும் கதைக்காமல், தன் சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் நடுவரின் மேசையில், எதிரணிச் செயலாளரோடு ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உடைமாற்றும் அறையில் நடந்ததைக் கோல்காப்பாளர் இடைவேளையில் சொல்லித்தான் அறிந்தேன்.

தலைவர் ஒரு பிளாஸ்க்கோடு உள்ளே வந்திருக்கிறார். நேரே இடது முனைக்காரனிடம் போயிருக்கிறார்.

"என்ன தம்பி, முகம் வெளிறிப் போய்க்கிடக்கு? சாப்பிட்டனியோ?"

"பசிக்கல்ல ஐயா."

"பசிக்காது. பயம். எனக்கும் உப்பிடித்தான் இருந்தது. இந்தா, முட்டைக் கோப்பி. வீட்டில அடிச்சு, சூடாக் கொண்டு வந்தனான்."

அணித்தலைவர் எட்டிப் பார்த்திருக்கிறார். "எங்களுக்கு இல்லையா ஐயா? நாங்க என்ன சுவரோடயா ஆடப் போறோம்?"

"உங்களுக்கெல்லாம் ஒரு உத்தியோகம் இருக்கு. இவனுக்குத்தான் இண்டைக்குத் தேவை. நீ குடி தம்பி."

ஒரு வாய் குடித்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான். "காரமா இருக்கு ஐயா."

"மருந்து வேற எப்பிடி இருக்கும்? நுரை அடங்க முதல் குடி."

குடித்தான். வயதில் மூத்தவர், கழகத்தின் தலைவர், தன் வீட்டிலிருந்து கையால் சுமந்து கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. முடித்ததும் இன்னொரு கோப்பை ஊற்றியிருக்கிறார். நாள் முக்கியமான நாள் அல்லவா. மற்ற நாட்களில் மூடியால் அளந்து விடுகிறவர், அன்று கனடாவிலிருந்து மகன் கொண்டுவந்த பிரெஞ்சுப் பிராந்தியைக் கண்ணளவாலேயே சரித்திருக்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. வாழ்க்கையில் பழகாத இரத்தம். இரண்டு கோப்பை. பிறகு வெயில்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்கு அவன் பேய் பிடித்தவன் போல ஓடினான். மது முதலில் கொடுப்பது துணிவைத்தான், அதற்குரிய விலையை மெல்லத்தான் அறவிடும். எதிரணியின் பின்காப்பாளனை ஒரே தடுமாற்றத்தில் விட்டுவிட்டு அவன் உள்ளே அனுப்பிய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சனம் எழும்பி நின்று கத்தியது. விளையாட்டு அதிகாரி பையைத் திறந்து, குறிப்புப் புத்தகத்தை எடுத்து எதையோ குறித்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தலைவர் முழங்கையால் இடித்தார்.

"பாத்தியளோ? என்ன ஓட்டம்!"

எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிறகு அந்த ஓட்டம் சிதறத் தொடங்கியது. முதலில் பந்தை நிறுத்தும்போது அது காலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனது. பிறகு ஆளே இல்லாத வெறும் இடத்தில் கால் தடக்கியது. அணித்தலைவர் "அங்கயில்ல, இங்க!" என்று கத்தியதற்கு அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நின்றான். முகம் செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது.

இடைவேளையில் தண்ணீரோடு கிட்டப் போனேன். மணம் வந்தது. முட்டை, கோப்பி, அவற்றை மூடிக்கொண்டு அது. கோல்காப்பாளர் நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நாங்க ரெண்டு நாள் பச்சத் தண்ணி, சேர்" என்றார். அவர் குரலில் பகிடி இருக்கவில்லை.

பயிற்றுவிப்பாளர் அவனை வெளியே எடுக்க நினைத்தார். அவன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"எடுக்காதீங்க மாஸ்டர். அந்தாளு பாத்துக்கிட்டு இருக்காரு. இன்னும் பாதிதான் இருக்கு. தண்ணி ஊத்துனா சரியாயிடும்."

எடுத்தால் பார்க்க வந்தவர் பார்க்க எதுவும் இல்லை. விட்டால் பார்க்கக்கூடாததைப் பார்ப்பார். பயிற்றுவிப்பாளர் விட்டார். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். தலைவர் உண்மையான கவலையோடு ஓடி வந்தார். "களைச்சுப் போனான். மிச்சமும் கிடக்கு, குடுக்கட்டோ?" என்று பிளாஸ்க்கைத் திறந்தார். நான் அதை வாங்கி மூடினேன். அவருக்குக் கோபம் வந்தது.

இரண்டாம் பாதியில் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எதிரணிக் கோல்காப்பாளர் விழுந்து கிடக்க, வாய் திறந்த கோல் முன்னால் இருக்க, பந்து அவனுடைய இடது காலுக்கு மெதுவாக உருண்டு வந்தது. அவன் காலை வீசினான். பந்து அதற்கு முன்பே கடந்து போயிருந்தது. அந்த வீச்சிலேயே விழுந்தான். கெண்டைக்காலில் சதை கட்டியாகத் திரண்டு நின்றது. எழுந்து, நொண்டிக்கொண்டு எல்லைக் கோடு வரை வந்து, பந்தலுக்கு முன்னால் குனிந்து வாந்தியெடுத்தான்.

முதலில் எழுந்து போனவர் அந்த விளையாட்டு அதிகாரிதான். தன் தண்ணீர்ப் போத்தலை அவன் கையில் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மஹத்தயா, மெயா பீலாத?"

ஐயா, இவன் குடித்திருக்கிறானா என்று கேட்டார். அரசாங்க உத்தியோகத்தில் நான் கற்ற சிங்களம் எல்லாவற்றையும் திரட்டி, முட்டைக் கோப்பி பற்றியும், தலைவரின் அன்பு பற்றியும், இவன் வாழ்நாளில் தொட்டதில்லை என்பது பற்றியும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"எங்கள் வீட்டிலும் அம்மா செய்து தருவார்" என்றார். "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நான் எழுதவேண்டியது நான் பார்த்ததை."

அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அதுதான் இன்னும் கசக்கிறது.

அவனுக்குப் பதிலாக இறங்கியவன் கடைசி நேரத்தில் ஒரு கோல் அடித்தான். நாங்கள் வென்றோம். நடுவரின் விசில் ஓய்வதற்குள் எங்கிருந்தோ சாராயப் போத்தல்கள் முளைத்தன. என் தீர்மானம் ஆட்டம் முடியும் வரைக்கும்தான், ஆகவே அதில் ஒரு மீறலும் இல்லை. தலைவரைத் தோளில் தூக்கினார்கள். இடது முனைக்காரன் வேலியோரம் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தான். கிண்ணத்தோடு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை.

நிறுவனத்திலிருந்து வந்த பதில் மரியாதையாகவும் சுருக்கமாகவும் இருந்தது. அவனை எடுக்கவில்லை.

நான் விடயத்தை நிர்வாகக் கூட்டத்தில் எழுப்பினேன். யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை. கழகம் அந்த நிறுவனத்துக்கு ஒரு விளக்கம் எழுதவேண்டும், கொடுத்தவர் தான் கொடுத்ததாகக் கையெழுத்திட வேண்டும் என்றேன். அவ்வளவுதான். தலைவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"நான் அவனுக்குக் குடிக்கக் குடுத்தனான் எண்டு எழுதச் சொல்லுறியளோ? நான்? என்ர வயசில?"

"முட்டைக் கோப்பியில் பிராந்தி விட்டதாக எழுதினால் போதும்."

"அது சத்து. என்ர தாய் எனக்குத் தந்தது. அவன்ர வயிறு பழுது, அதுக்கு நான் என்ன செய்யிறது?"

பொருளாளர் உதவிக்கு வந்தார். "சேர், பிராந்தி குடியெண்டா என்ர மனுசி மொடாக் குடிகாரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போத்தல் முடிச்சவள்."

எல்லாரும் சிரித்தார்கள். கிண்ணம் மேசையில் மினுங்கிக்கொண்டு இருந்தது. வென்ற ஆட்டத்துக்கு என்ன விசாரணை என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு என் பக்கம் பேச ஆளில்லை. ஒரு வீரரின் திடீர்ச் சுகயீனம் குறித்துக் கவலை தெரிவிப்பதென்றும், வெற்றிக்கு வழிகாட்டிய தலைவரைப் பாராட்டுவதென்றும் முடிவானது. நான் பதவி விலகினேன். அதை உடனேயே, ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். என் சேவைக் காலத்தில் அவ்வளவு விரைவாக ஒரு கோரிக்கை நிறைவேறியதை நான் கண்டதில்லை.

அதற்குள் கதை ஜிந்துப்பிட்டிக்குப் போய்விட்டிருந்தது. மைதானத்தில் வாந்தியெடுத்தானாம், மணத்ததாம், அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறானாம். தாய்க்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்று ஒரு போயா விடுமுறை நாளில் நான் அந்தச் சந்துக்குப் போனேன். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் மனுசி. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மகன் உள்ளே இருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவன் தேடிக் குடிக்கவில்லை. மருந்தென்று கொடுத்ததைக் குடித்தான். கொடுத்தவரும் கெட்டவர் அல்ல, நல்லது செய்வதாக நினைத்தார். தாய் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சவங்க, பெரியவங்க. பொய் சொல்ல மாட்டீங்க" என்றார். "இவங்கப்பாவும் மருந்துன்னுதான் தொட்டாரு ஐயா. ஹார்பர்ல மூட்ட தூக்கி மேலெல்லாம் நோவுதுன்னு கங்காணிதான் மொதல்ல ஊத்திக் குடுத்தாரு. அந்தக் கங்காணியும் நல்ல மனுசன்தான். சாவு வீட்டுக்குக்கூட வந்திருந்தாரு."

தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அவன் பஸ் தரிப்பு வரை கூட வந்தான். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சேர், அந்த வயசு விசயத்துல ஏதாச்சும் விட்டுக்குடுக்குற வழி இருக்கா? ஒங்களுக்குத்தான் எல்லா ரூல்ஸும் தெரியுமே."

"இல்லை. நான் தேடிப் பார்த்தேன்."

"வேற கம்பனி?"

"வயதெல்லை எல்லா இடத்திலும் ஒன்றுதான். விளையாட்டு அதிகாரிகள் ஒருத்தரோடொருத்தர் கதைக்கிறவங்கள்."

பொய் சொல்லியிருக்கலாம். அவன் தலையை ஆட்டினான், ஏற்கனவே தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொண்டவன் போல. கடையில் இப்போது முழுநாளும் நிற்பதாகவும், பயிற்சிக்குப் போவதை விட்டுவிட்டதாகவும் சொன்னான். தலைவர் அடுத்த பருவத்துக்கு வரச்சொல்லி அவனுக்குத் தொலைபேசியில் கதைத்தாராம். உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சொன்னாராம்.

"அம்மா நம்பியிருப்பா என்று நினைக்கிறேன்" என்றேன்.

"நம்பிட்டாங்க சேர். நீங்க சொன்னா நம்புவாங்க." அவன் சந்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஆனா நான் வேல முடிஞ்சு வந்ததும் வாய மோந்து பாக்குறாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கிட்ட வந்து நிப்பாங்க. அவங்களுக்கு எட்டாதுல்ல, நான்தான் குனிஞ்சு காட்டுவேன்."

பஸ் வந்தது. நான் ஏறினேன்.